உடையாத கைக்கு ஒரு புத்தூர் கட்டு

என் கை உடையவே இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரையாவது நிறுத்தி, கஸ்தூரிக்கு அந்த வருஷம் என்ன ஆச்சு என்று கேட்டால், "பாவம், ரோட்ல வுழுந்து கை ஒடைஞ்சி போச்சு" என்பார்கள். சொல்லும்போது பார்வை வேறெங்காவது போகும். எனக்கு நோய் வந்தது மனசில். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் இருபத்திரண்டு நாள் கிடந்தேன். ஊரே திரண்டு வந்து விசாரித்தது கையை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இத்தனை வருஷம் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகப் புத்தூர் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் உண்டு. மூலிகைச் சாறும் முட்டையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அந்தக் கட்டோடு ஒருவர் பஸ் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிட மரியாதையான நோய் கிடையாது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. நைனா, என் அப்பா, ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி செய்தவர். பிறகு அரை ஏக்கர் பட்டா வந்தது, அதில் வேர்க்கடலை போட்டார். நான் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் லேபில் சீசன் வேலை பார்த்தேன். கூழில் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று சோதித்து நோட்டில் எழுதும் வேலை. டின்னில் அடைத்த கூழ் குவைத்துக்குப் போகும். எங்கள் காலனிப் பெண்களும் அதே குவைத்துக்குத்தான் வீட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் அத்தை வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் எஸ்டிடி பூத் வாசலில் போன் வருமென்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சனி ஞாயிறுகளில் கம்யூனிட்டி ஹாலில் செஸ் சொல்லிக்கொடுத்தேன். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படித்தபோது நானே கற்றுக்கொண்ட ஆட்டம். மொத்தம் பதினோரு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். இதை யாராவது சேவை என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். என்னைத் தோற்கடிக்க ஊரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வகுப்பில் ஒரு விதியில் மட்டும் நான் இரக்கமே பார்க்க மாட்டேன். காயைத் தொட்டால் நகர்த்த வேண்டும். தெரியாமல் தொட்டேன், கை பட்டுவிட்டது என்று அழுதாலும் சரி, தொட்டது தொட்டதுதான்.

என்னைத் தோற்கடிக்கும் தூரத்துக்கு வந்திருந்தவள் சுகுணா. பதினான்கு வயது. அம்மா குவைத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. நைனா சென்னையில் கட்டட வேலை. அவள் மல்லிகா அத்தை வீட்டில் இருந்தாள். தோற்கும்போது பல்லைக் கடிப்பாள், ஜெயிக்கும்போதும் பல்லைக் கடிப்பாள்.

அந்த வருஷம் மாம்பழ சீசன் உச்சத்தில் எனக்குத் தூக்கம் நின்றது. வரவில்லை என்று நான் தவிக்கவில்லை, தூக்கமே தேவைப்படவில்லை. ஐந்து நாள் கண்ணை மூடாமல் இரண்டு ஷிப்ட் பார்த்தேன். உடம்பில் அலுப்பே இல்லை. லேப் நோட்டில் புளிப்பின் அளவு எழுத வேண்டிய இடத்தில் செஸ் ஆட்டங்களை எழுதி வைத்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வாம்மா என்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், எங்கள் காலனியிலிருந்து உலக சாம்பியன் வரப்போகிறாள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தன் ஊர் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்கு வெள்ளையடிக்க நைனா வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய், தார் ரோட்டில் அறுபத்து நாலு கட்டம் போட்டேன். ரோட்டின் அகலம் போதாமல் இரண்டு பக்கமும் மண்ணில் நீட்டினேன். பிள்ளைகளைக் காய்களாக நிறுத்தினேன். ஆள் போதாத இடத்தில் செங்கல்லும் குடமும் வைத்தேன். சுகுணா வெள்ளை ராணி. முதலில் எல்லாரும் சிரித்தார்கள், நல்ல விளையாட்டு என்று. மணி பதினொன்று ஆகி, பன்னிரண்டும் ஆனது. கத்திரி வெயில். எந்தப் பிள்ளை காலிலும் செருப்பு இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

புத்தூர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. உன் முறை இன்னும் வரவில்லை, நில் என்று டிரைவரிடம் சத்தம் போட்டேன். அந்த நேரம் பார்த்து சுகுணா கட்டத்தை விட்டு ஓரத்து நிழலுக்கு நகர்ந்தாள். நான் போய் அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். அவள் என்னைத் தள்ளினாள். நான் விழுந்தேன், முழங்கால் தேய்ந்தது. எழுந்து சிரித்தேனாம். நைனா ஓடிவந்து என்னைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம் எனக்கு நினைவில் இருப்பது ஆட்டோவின் சத்தம்தான்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில், என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். அம்மா, "காய்ச்சல்" என்றாள். பொய் அங்கேயே தொடங்கியது. காய்ச்சல் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அதற்குள் வரிசையில் இருந்த எல்லாருக்கும் குதிரை எப்படி நகரும் என்று நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கடைசியில் ஓர் இளம் டாக்டர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் லேதம்மா", காய்ச்சல் இல்லை என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு தணிந்த குரலில், "எத்தனை நாளா தூங்கல?" என்று என்னைக் கேட்டார். ஐந்து நாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்தான் எங்களை மாடியிலிருந்த மனநோய் வார்டுக்கு அனுப்பினார்.

மாடி வார்டு பெரிய பயங்கரமான இடம் என்று ஊரில் கதை இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. பன்னிரண்டு கட்டில், ஒரு பூட்டிய கதவு, சத்தம் போடுகிற மின்விசிறி. முதல் நாலைந்து நாள் ஊசிதான். தூங்கினேன், எழுப்பிச் சாப்பிடவைத்தார்கள், மறுபடி தூங்கினேன். நாக்கு தடித்து, பேச்சு குழறியது. பக்கத்துக் கட்டிலில் ரமணம்மா என்று மதனப்பள்ளிப் பக்கத்து அம்மா. அவளோடு இருக்க யாரும் வரவில்லை. நான் எப்போது கண் திறந்தாலும், "நித்ர பட்டிந்தா?" என்று கேட்பாள், தூக்கம் வந்ததா என்று. அது ஒன்றைத்தான் எல்லாரிடமும் கேட்பாள்.

பத்து நாள் போன பிறகு டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு நோயை விளக்கினார். பைபோலார் என்று பெயர், தமிழில் இருமுனை நோய். "சந்தோஷம் ஏறும், எறங்கும், எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கு ஏறுனா நிக்காம ஏறுது, எறங்குனா தரைக்குக் கீழ போயிடுது" என்றார். முன்பு எப்போதாவது தரைக்குக் கீழே போனதுண்டா என்று கேட்டார். இருபத்து மூன்று வயதில் மூன்று மாதம் நான் குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சோம்பேறி என்றார்கள். தாயத்து கட்டினார்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். மாப்பிள்ளை தேடினார்களே தவிர ஒரு டாக்டரைத் தேடவில்லை. எட்டு வருஷம். அன்றைக்கு வந்த கோபம்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லித்தியம் மாத்திரை எழுதினார்கள். அது ஒரு வகை உப்பு. ரத்தத்தில் குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷம். அதனால் முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காலையில் ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. கூழின் புளிப்பைத்தான் நான் தினமும் அளக்கிறேனே. அந்த மாத்திரையால் கை லேசாக நடுங்கும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இதைப் பல வருஷம் நிறுத்தக் கூடாது என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நடுக்கம் மூன்றாம் நாளே வந்தது.

அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். காலையில் எண்ணெய் வைத்து வாரிவிடுவாள், சடை பின்னும்போது மட்டும் அழுவாள். நைனா வெளியே மரத்தடியில் தங்கி, பார்வை நேரத்துக்கு வருவார். ஒரு நாள் என் செஸ் போர்டை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துவந்தார். அவருக்கு ஆடத் தெரியாது. என் எதிரில் உட்கார்ந்து குதிரையை மட்டும் நகர்த்துவார்.

"மத்தது எதையும் நகர்த்த மாட்டியா நைனா?"

"இது ஒண்ணுதான் புரிஞ்சுது. குதிக்குது, போவுது."

ஏற்றம் வடிந்த பிறகு இறக்கம் வந்தது. டிஸ்சார்ஜ் ஆன நாளில் நான் பாதி ஆளாகத்தான் இருந்தேன். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள், அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று. தம்பி வேலு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் வேலை. சித்தூரில் அவனுக்குப் பெண் பார்த்து, பேச்சு முடிகிற நிலையில் இருந்தது. ஒரு பையைத் திறந்து வெள்ளைத்துணி, கோந்து பாட்டில், கிழித்த அட்டை எல்லாம் கட்டில்மேல் எடுத்துவைத்தான். அட்டை மாம்பழக்கூழ்ப் பெட்டியிலிருந்து கிழித்தது.

"க்கா, வலது கைய நீட்டு."

"இன்னாத்துக்குடா?"

"நீ வுழுந்ததுல கை ஒடைஞ்சிடுச்சு, புத்தூர்ல கட்டு போட்டுக்கினு அங்கியே தங்கிக்கிறோம்னு அம்மா துணி எடுக்கப் போனப்ப ஊர்ல சொல்லிட்டு வந்துக்கீது. வெறுங்கையோட போய் நின்னா இன்னா சொல்றது?"

"மெண்டல் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு சொல்றது."

அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்த அறையில் எங்கள் நாலு பேரைத் தவிர யாரும் இல்லை. நைனா எழுந்து வெளியே போய்விட்டார். வேலு, "ஒரு மாசம்க்கா. நிச்சயம் முடியட்டும். கைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நடுக்கமும் வெளிய தெரியாது" என்றான். கெட்ட பையன் இல்லை. என் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவன். கட்டும்போது வலிக்கிறதா, வலிக்கிறதா என்று வேறு கேட்டான், உடையாத கையை. நானும் கையை நீட்டினேன். யாரும் என்னைப் பிடித்துக் கட்டவில்லை.

ஊரில் இறங்கியதிலிருந்து கைக்கு விசாரிப்பு. பிரண்டை எலும்பைச் சேர்க்கும் என்று ஆறு வீட்டிலிருந்து பிரண்டைத் துவையல் வந்தது. ஆட்டுக்கால் சூப் வந்தது. நான் ரோட்டில் சுண்ணாம்பு அடித்ததையும், பஸ்ஸை நிறுத்தியதையும் பார்த்த அதே ஜனங்கள், "வெயில்ல பித்தம் தலைக்கேறிடுச்சு, இன்னா பண்றது, கைதான் போச்சு" என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்காக இத்தனை பேர் துவையல் அரைத்தார்களே, ஒருத்தர், ஒரே ஒருத்தர், ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். பதில் தெரிந்தவர்கள் கேள்வியைத் தள்ளி வைத்தார்கள்.

ஹால் சாவி வார்டு மெம்பரிடம் இருந்தது. வகுப்பைத் தொடங்கலாமா என்று கேட்கப் போனேன். அடுத்த பதினைந்தாம் நாள் திருப்பதியில் ஜில்லா செஸ் செலக்‌ஷன். சுகுணாவையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிப்போக வேண்டும். "கை சேரட்டும்மா, சாவி எங்க போவப்போவுது" என்றார் மெம்பர். பெற்றவர்களும் அதையே சொன்னார்கள். உடையாத கை எப்படிச் சேரும்? வேலுவின் நிச்சயத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அதுவரை சேராது. அந்தக் கட்டு என் நோயை மறைத்ததோடு, பிள்ளைகளிடமிருந்து என்னைத் தள்ளியும் வைத்தது. ஒரு நாளுக்கு நான்கைந்து முறை அதைப் பிய்த்துவிடத் தோன்றும். அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுவேன்.

மற்றப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுகுணா வரவில்லை. அறைந்த கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தான். எட்டாம் நாள் மத்தியானம், அம்மா கழனிக்குப் போயிருந்த நேரம், வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு முட்டை.

"அத்தை குடுத்துச்சு. கை சேர்ற வரைக்கும் தெனம் ரெண்டு குடுக்கணுமாம்."

"எதுக்கு?"

"நான்தான ஒடைச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அவள் தள்ளித்தானே நான் விழுந்தேன், விழுந்துதானே கை உடைந்தது என்று ஊரில் ஆகியிருந்தது. மல்லிகா அத்தை அவளை விளக்குமாற்றால் அடித்திருந்தாள். குழாயடியில் பெண்கள், "மேடம் கைய ஒடைச்சவ" என்று அவள் காதுபடப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. அவள் அம்மா குவைத்திலிருந்து, பெத்த பொண்ணு இப்பிடி ஆயிட்டியே என்று அழுதாளாம். இனி செஸ் கிடையாது என்று அத்தை போர்டைப் பரண்மேல் போட்டுவிட்டாள். மூன்று வாரத்துக்கு மேலாக அந்தப் பெண் இதைச் சுமந்திருக்கிறாள்.

முட்டையைக் கீழே வைக்கக் கிட்டே வந்தவள் நின்றாள். மூக்கைச் சுளித்தாள்.

"எங்க நைனாவுக்கு கால் ஒடைஞ்சப்ப நான்தான் பக்கத்துல படுத்துக்கினு இருந்தேன். புத்தூர் கட்டு நாறும்க்கா. முட்டை வாடை, தழை வாடை. உங்க கட்டுல கோந்து வாசனை வருது." குனிந்து பார்த்தாள். "மூங்கில் பத்தை எங்க? உள்ள அட்டைதான் கீது. மாம்பழம் படம் போட்ட அட்டை."

புத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவளை ஏமாற்ற பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறவனால் ஆகுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, ஊசி, நோயின் பெயர், மாத்திரை, லாட்ஜ் அறை. அவள் கண் சிமிட்டாமல் கேட்டாள்.

"அப்ப நான் தள்ளுனதுல ஒண்ணுமே ஆகலயா?"

"முட்டி தேய்ஞ்சுது. அவ்ளோதான்."

"அப்ப இன்னாத்துக்கு நான் அடி வாங்கினேன்?"

"உன்ன அடிச்சது தப்பு சுகுணா. எனக்கு நோவுதான், ஆனா அடிச்சது என் கைதான்" என்றேன். "கால் சுட்டுச்சுக்கா, அதான் நகர்ந்தேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். முட்டை இரண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் வேலு ஊருக்கு வந்திருந்தான். கட்டை அறுக்கப் போகிறேன் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் இருவது நாள்தானக்கா" என்றான் வேலு. "அந்தப் பொண்ணு மேல நாம யாரும் பழி போடல. ஊர் பேசுனா நான் இன்னா பண்றது?"

"கை ஒடைஞ்சிதுன்னு சொன்னா, ஒடைச்சது யாருன்னு கேக்க மாட்டாங்களா? நீ யோசிச்சியா? நான் யோசிச்சனா? அவங்கம்மா அங்க ஊரான் வூட்டு பாத்திரத்த கழுவிக்கினு அழுவுது. உன் நிச்சயத்துக்கு அந்தப் பொண்ணு வெளக்கமாத்தால அடி வாங்கணுமா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்க்கா."

"போவட்டும்."

"உனக்கு சுலபம்" என்றான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. அவன் ஆசைப்பட்டுத்தான் அந்தப் பெண்ணுக்குச் சம்மதித்தான், எனக்குத் தெரியும்.

லாட்ஜில் எழுந்து வெளியே போன நைனா இந்த முறை போகவில்லை. பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தார். "இங்க அறுத்தா யார் பாக்கறது? அந்த வூட்டுக்குப் போய் அறு. வா, நானும் வரேன்" என்றார். அவர் சேர்ந்தாற்போல அத்தனை வார்த்தை பேசியது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

மல்லிகா அத்தை வீட்டு வாசலில் நின்று, இடது கையால் அறுத்தேன். கோந்து காய்ந்து இறுகியிருந்தது, சரியாக அறுபடவில்லை. நைனா துணியைப் பிடித்து இழுத்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். வெளுத்துப்போன கையை நீட்டிக் காட்டினேன். அது நடுங்கியது. "இந்தக் கை ஒடையல. எனக்கு வந்தது மனநோவு. திருப்பதியில மாடி வார்டுல இருந்தேன். இது மாத்திரையால வர்ற நடுக்கம். சுகுணா ஒண்ணும் பண்ணல, நான்தான் அவள அறைஞ்சேன்" என்றேன்.

மல்லிகா அத்தை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் அருகில் வந்தாள். "சரி வுடுமே. கேட்டா கைதான் ஒடைஞ்சிதுன்னு நாங்க சொல்லிக்கிறோம். வயசுப் பொண்ணு நீ" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது நானே அவள் அம்மாவிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேசினேன். எஸ்டிடி பூத்துக்குள் நான், சுகுணா, அத்தை மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். குவைத்திலிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது. நடந்ததைச் சொன்னேன். சுகுணாவின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு இப்ப தூக்கம் வருதா கஸ்தூரி?" என்று கேட்டாள். "எனக்கும் இங்க வர்றதில்ல." நான் பூத் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். ஊரில் ஒருத்தரும் கேட்காததை, கடல் தாண்டியிருந்து அவள் கேட்டாள்.

வேலுவின் சம்பந்தம் நின்றது. என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. இப்போது பேசுகிறான், வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அந்தச் சித்தூர்ப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது, ஆனால் கட்டை அறுத்ததற்காக ஒரு நாளும் வருந்தவில்லை. வகுப்பிலிருந்து ஏழு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மெம்பர் சாவியைத் தரவே இல்லை. மீதி நாலு பேருக்கு எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

செலக்‌ஷன் அன்று எனக்கு ரத்தப் பரிசோதனையும் இருந்தது. ஒரே ஊர், ஒரே காலை. முதல் பஸ்ஸில் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழரை மணிக்கு மாடி வராந்தாவில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பஸ் ஸ்டாண்ட் மாதிரிதான்க்கா கீது" என்றாள் சுகுணா. போர்டை விரித்தாள். ஆட்டத்துக்கு முன்னால் கை சூடேற வேண்டும் என்றாள்.

ஆடினோம். நர்ஸ் கதவைத் திறந்து என் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். வார்டில் இருந்த நாட்களில் அந்தக் குரலுக்கு நான் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுவேன், தெரிந்தவர் யாராவது இருப்பார்களோ என்று. இப்போது நான் எழுவதற்குள் சுகுணா, "இங்க கீறாங்க, ரெண்டு நிமிஷம், ஆட்டம் போய்க்கினு கீது" என்று பதில் குரல் கொடுத்தாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

என் முறை. குதிரையை எடுக்கக் கையை நீட்டினேன். நடுங்கிய விரல் பக்கத்திலிருந்த ராணியில் பட்டது. பட்டும் படாமலும்தான். கையைப் பின்னுக்கு இழுத்தேன். ராணி நகர்ந்தால் ஆட்டம் போச்சு. மற்ற மூன்று பேரும் என் விரலைப் பார்த்தார்கள், பிறகு மாத்திரைப் பையைப் பார்த்தார்கள், பிறகு சுகுணாவைப் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாக, "நோவுதான, வுடுடி" என்றாள்.

சுகுணா பல்லைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்தாள்.

"தொட்டுட்டீங்கக்கா. நகர்த்துங்க."

ராணியை நகர்த்தினேன். ஆறாவது நகர்த்தலில் தோற்றேன். எழுந்து போய் ரத்தம் கொடுத்தேன்.